கைராசிக்காரர் முறுக்கிவிட்ட ஒயர்

தண்ணீர் ஃபில்டர் மெக்கானிக்குகளில் இரண்டு வகை உண்டு. பெட்டியைத் திறந்ததும் உச்சுக்கொட்டி, வீட்டுக்காரரின் வயிற்றைக் கலக்கிவிட்டு, அப்புறம் நிதானமாக வேலையை ஆரம்பிப்பவர்கள் ஒரு வகை. "பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டு எட்டாவது நிமிஷத்தில் செருப்பை மாட்டுகிறவர்கள் இன்னொரு வகை. நம் ஆள் இரண்டாவது வகை. இருபது வருஷமாக அந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டு மோட்டார் ஓடாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் தொட்டால் ஓடும். கைராசிக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது.

அந்தக் கைராசியில் பாதி ராசி, மீதி குறுக்குவழி. ஃபில்டருக்குள் தண்ணீரை அழுத்தித் தள்ளும் சின்ன மோட்டாருக்குக் காவலாக ஒரு சுவிட்ச் இருக்கும். குழாயில் தண்ணீர் வந்தால்தான் அது மோட்டாரை ஓடவிடும். அந்தச் சுவிட்ச் பழுதானால் தண்ணீர் இருந்தும் மோட்டார் அசையாது. புது சுவிட்ச் பையில் இல்லாத நாளில் மெக்கானிக் என்ன செய்வார்? சுவிட்சிலிருந்து இரண்டு ஒயரையும் பிடுங்கி, ஒன்றோடொன்று முறுக்கி, டேப் சுற்றிவிடுவார். அவர்கள் பாஷையில் இதற்கு 'டைரக்ட் கொடுப்பது' என்று பெயர். மோட்டார் ஜம்மென்று ஓடும். தண்ணீர் நின்றாலும் ஓடிக்கொண்டே இருக்கும், கருகும் வரைக்கும். அடுத்த முறை வரும்போது சுவிட்ச் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கைராசிக்காரரும் அப்படித்தான் நினைத்தார், பல வீடுகளில்.

ஒரு நாள் காலை, வெகுநாள் பழக்கமுள்ள ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கதவைத் திறந்தவர் பாதி ஆளாக இளைத்திருந்தார்.

"அக்கா இல்லையாண்ணே?" என்று டிரைவரின் மனைவியை வழக்கம்போல விசாரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தார் கைராசிக்காரர்.

"போயிட்டா தம்பி. ரெண்டு மாசமாச்சு. நெஞ்சு வலின்னா. ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிருச்சு."

கைராசிக்காரருக்குப் பையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. டிரைவரே அதை வாங்கிச் சமையல் மேடையில் வைத்தார். கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார்.

"மோட்டார் அதுக்கு முன்னாடியே நின்னுபோச்சு. அந்த வாரம் ரெண்டு நாள் தெருவுல தண்ணி வரல. இவ ஃபில்டரை அணைக்காம விட்டுட்டா. வீடெல்லாம் கருகின வாசனை. புத்தி இருக்கான்னு கத்திட்டேன். அப்புறம் ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டோம். நாலாம் நாள் போயிட்டா. அந்த நாலு நாளும் நான் பேசல தம்பி."

கைராசிக்காரர் ஸ்டூலில் ஏறி ஃபில்டரைத் திறந்தார். பிளக்கில் டெஸ்டரை வைத்தார், கரண்ட் இருந்தது. அடாப்டரில் மீட்டரை வைத்தார். இருபத்து நாலு வோல்ட் சரியாகக் காட்டியது. மோட்டாருக்குப் போகும் ஒயரிலும் அதே இருபத்து நாலு. மோட்டார் மட்டும் அசையவில்லை. கழற்றி முகர்ந்து பார்த்தார். சந்தேகமே இல்லை, கருகல்தான். ஆனால் காவல் சுவிட்ச் இருக்கும்போது எப்படிக் கருகும்? ஒயரைப் பிடித்துக்கொண்டே மேலே போனார்.

பெட்டியின் மூலையில் முறுக்கிய இரண்டு ஒயர், மேலே சிவப்பு டேப். ஊரில் எல்லோரும் கறுப்பு டேப் சுற்றுவார்கள். தன் வேலை தனியாகத் தெரிய வேண்டும் என்று சிவப்பு வாங்குகிறவர் இவர் ஒருவர்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் சுற்றியது.

"மோட்டார் வயசாயிடுச்சுண்ணே," என்றார். "தானா போயிருக்கு. அக்கா மேல தப்பில்ல."

சொன்னபோது அவருக்கே அது நல்ல காரியமாகத்தான் பட்டது. இறந்தவளுக்கும் பழி நீங்கும், தன் பெயரும் கெடாது. ஆனால் கேட்டவர் முப்பது வருஷம் வண்டி ஓட்டியவர்.

"வயசா? போன வருஷம்தானே நீங்களே புதுசு போட்டீங்க. எனக்காகப் பூசி மெழுகாதீங்க தம்பி. அவ அணைக்கல, அவ்வளவுதான்."

கைராசிக்காரர் ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார்.

"அணைக்கவே வேண்டாம்ணே. தண்ணி இல்லன்னா அதுவே நிக்கணும். நிறுத்துற சுவிட்சை நான்தான் எடுத்துட்டு டைரக்ட் கொடுத்தேன். உங்ககிட்ட சொல்லவும் இல்ல. மாத்தவும் வரல. மோட்டாரை எரிச்சது நான்தான்."

டிரைவர் அந்தச் சிவப்பு டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தார் கைராசிக்காரர். அடித்திருந்தால் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

"அவ சொன்னா," என்றார் டிரைவர். "நீங்க ரெண்டு ஒயரைச் சேர்த்து டேப் சுத்தினதை அவ பார்த்தாளாம், அதனாலதான் இருக்கும்னு சொன்னா. 'உனக்கு என்னடி தெரியும், அவர் கைராசிக்காரர், அப்படிப்பட்ட ஆள் இல்ல'ன்னு நான்தான் வாயை அடைச்சேன்."

கைராசிக்காரர் தலையை நிமிர்த்தவில்லை. வெட்கம் என்பது என்னவென்று அவருக்கு நாற்பத்தாறு வயதில் தெரிந்தது.

டிரைவர் போனை எடுத்தார். வெளியூரில் இருக்கும் மகளின் எண்ணை அழுத்தி, அவர் கையில் கொடுத்தார்.

"எம் பொண்ணு. அவகிட்டயும் அம்மாதான் எரிச்சுட்டான்னு சொல்லி வெச்சிருக்கேன். நீங்களே சொல்லுங்க."

மகள் எடுத்தாள். தான் யார் என்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். இந்த முறை எதையும் பூசி மெழுகவில்லை. மகள் ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பா பக்கத்துல இருக்காரா?"

"இருக்கார்மா."

"அம்மா மேல தப்பில்லன்னு, அவருக்குக் கேக்குற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க."

கைராசிக்காரர் எழுந்து நின்று, சத்தமாகச் சொன்னார்.