நான் தடுக்காத நான்கு கோல்கள்

வெள்ளவத்தையில் காலி வீதியோரப் புடவைக்கடை ஒன்றின் சுவரில் நான் ஏழு வருடங்கள் தொங்கினேன். ஒரு பக்கம் லட்சுமி, மறுபக்கம் பிள்ளையார், இடையில் இருபது பெண்கள் கொண்ட எங்கள் கால்பந்து அணி. முன்வரிசையில், அணித்தலைவிக்குப் பக்கத்தில், மடியில் பந்தை வைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிப்பவள்தான் நான். சட்டையில் சிங்கம். தேசிய அணியில் எனக்குக் கிடைத்த நிரந்தரமான இடம் அந்தச் சுவர் ஒன்றுதான்.

யுத்த காலம் அது. நாட்டிலுள்ள பல்கலைக்கழகங்களிலிருந்து பெண்களைப் பொறுக்கியெடுத்து ஒரு தேசிய அணி அமைத்து, பக்கத்து நாடொன்றில் நடக்கும் போட்டிக்கு அனுப்பப்போவதாக அறிவித்தார்கள். நான் கொழும்பில் படித்துக்கொண்டிருந்தேன். வீடு கொட்டாஞ்சேனையில். அப்பா கொச்சிக்கடையில் ஒரு கப்பல் கம்பனியின் களஞ்சியத்தில் கிளாக். காலை ஐந்தரைக்குப் பயிற்சி என்றால் நாலரைக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். வழியில் இரண்டு சோதனைச் சாவடி. இரண்டிலும் என் பையைத் திறந்து பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பார்கள். முந்திய நாள் சேறு காய்ந்து பொலபொலவென்று விழும். "பொம்பிளைப் பிள்ளைகளும் புட்போல் அடிக்கிறதா?" என்று சிங்களத்தில் கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

தெரிவு ஒரு சனிக்கிழமை நடந்தது. வெயிலில் நாங்கள் அறுபது பேர் முதுகில் இலக்கத்தைக் குத்திக்கொண்டு ஓடினோம். கூடாரத்தின் நிழலில் மூன்று பேர் பெற்றிஸ் தின்றபடி எங்களைத் தெரிவு செய்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஒருத்தியும் வரவில்லை. யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டிக் கிடந்தது, மட்டக்களப்புக்காரரை யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. நான் லெப்ட் பெக். எங்கள் இடது பக்கத்தால் வருகிற எதிரணிக்காரியை மறிப்பது என் வேலை. அன்று பின்னேரம் வரை என்னைத் தாண்டி ஒருத்தியும் போகவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. வேறு எதையும் எனக்கு ஒழுங்காகச் செய்யத் தெரியாது, அதை மட்டும் தெரியும்.

இருபது பேர் கொண்ட பட்டியலில் என் பெயர் இருந்தது. அந்தப் பட்டியலில் தமிழ்ப் பெயர் அது ஒன்றுதான். அப்பா அன்றைக்கே புறக்கோட்டைக்குப் போய்ச் சில்லு வைத்த நீல நிறச் சூட்கேஸ் ஒன்று வாங்கி வந்தார். தன் கந்தோரில் எல்லோருக்கும் சொல்லியும் விட்டார். அப்பா ஒரு விஷயத்தை வெளியில் சொல்வதே அபூர்வம். அம்மாதான் "பிளேனில ஏறினாப் பிறகு சந்தோசப்படுங்கோ" என்றாள்.

மறுவாரம் அணியின் மனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் ஒரு விரிவுரையாளர், எப்போதும் வெள்ளைச் சப்பாத்து, கழுத்தில் விசில், ஆனால் அதை ஊதி யாரும் கேட்டதில்லை. அரசாங்கம் பாதிச் செலவுக்குத்தான் காசு தருகிறது, மீதியை நாமே தேட வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெள்ளவத்தை முழுக்க உங்கட ஆக்களின் கடைதானே நங்கி. அவங்களிட்டச் சல்லி இருக்கு. நீ கேட்டால் தருவாங்க" என்றார். சிங்களத்தில் நங்கி என்றால் தங்கச்சி.

உங்கட ஆக்கள். பந்தை மறித்தபோது நான் அவருடைய ஆள். காசு என்றதும் உங்கட ஆக்கள். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. இவ்வளவு பெரிய பொறுப்பை என்னை நம்பித் தருகிறாரே என்று பூரித்துப் போனேன்.

அரச இலச்சினை போட்ட கடிதத்தை எடுத்துக்கொண்டு, விரிவுரை முடிந்த பின்னேரங்களில் கடை கடையாக ஏறினேன். பலர் கடிதத்தை வாசித்துவிட்டு ஒரு சோடா வாங்கித் தந்து அனுப்பி வைத்தார்கள். கடைசியாக அந்தப் புடவைக்கடை. முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் அழியாத திருநீறு. கடிதத்தின் உள்ளடக்கத்தை அவர் வாசிக்கவேயில்லை. மேலே இருந்த இலச்சினையைத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பிள்ளை, எனக்குப் பந்து விளையாட்டு ஒண்டும் விளங்காது. காசு தாறன். ஆனா எனக்கு இதே சின்னம் போட்டு நன்றிக் கடிதம் ஒண்டு வேணும். உங்கட டீமின்ர படமும் வேணும். சுவரில மாட்டுற மாதிரிப் பெரிசாய்."

"ஏன் அங்கிள்?"

"போன மாதம் மாத்திரம் மூண்டு தரம் பொலிஸ் செக்கிங். வேலைக்கு நிக்கிற பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போயிட்டாங்கள். தேசிய அணிக்குக் காசு குடுத்த கடை எண்டு தெரிஞ்சா அவங்களும் கொஞ்சம் யோசிப்பாங்கள். நீர் நடுவில நிக்க வேணும். இவ எங்கட பிள்ளை எண்டு நான் கையைக் காட்ட வேணும்."

அவர் தந்தது மூன்று பேருடைய டிக்கெட்டுக்குப் போதும். அவரைப் பார்த்துப் பக்கத்து நகைக்கடைக்காரரும் தந்தார், அவருக்கும் ஒரு படம் வேண்டுமாம். வீரத்துக்கும் விளையாட்டுக்கும் அந்தத் தெருவில் யாரும் சல்லிக்காசு தரவில்லை. பயத்துக்குத்தான் தந்தார்கள். அதில் நான் பிழை காணமாட்டேன். நானும் அந்தப் பயத்தோடுதான் பஸ் ஏறுகிறவள்.

படம் எடுத்த அன்று, காசு தந்தவர் சொன்னபடியே மனேஜர் என்னை முன்வரிசை நடுவில் உட்கார வைத்தார். பந்தைத் தானே எடுத்து என் மடியில் வைத்தார். அணித்தலைவி, மாத்தறைப் பக்கத்துப் பெண், என் காதில், "நீதான் இப்ப பெரிய ஆள்" என்று சிரித்தாள். அவர்கள் அணிந்திருந்த சட்டைகளும் வெள்ளவத்தைக் காசில் வாங்கியவைதான். என் இடம் இனி அசையாது என்று அன்றைக்கு நம்பினேன். கடைக்காரருக்குக் கொடுத்த இடத்தை எனக்குக் கொடுத்த இடம் என்று நினைத்துவிட்டேன். நான் செய்த மடத்தனம் அது.

புறப்பட இரண்டு கிழமை இருக்கையில் கூட்டம் வைத்தார்கள். இன்னும் ஓர் அதிகாரி போக வேண்டுமாம். ஆகவே இருபது பேர் பத்தொன்பதாக வேண்டுமாம். மனேஜர், பயிற்சியாளர், கால்பந்துச் சங்கத்திலிருந்து ஒருவர் என்று ஏற்கெனவே மூன்று இடங்கள் இருந்தன. இப்போது புதிதாக ஒன்று. பெண்கள் அணி என்றால் துணைக்கு ஒரு பெண் அதிகாரி கட்டாயம் போக வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அந்தப் பெண் அதிகாரி சங்கத்திலிருந்து வருகிறவரின் மனைவி. பயிற்சிக்கு அவர் ஒரே ஒரு நாள் வந்தார், வந்து குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெளிநாடு போக உன்னுடைய பொலிஸ் ரிப்போர்ட் வேண்டும், அது இன்னும் வரவில்லை நங்கி" என்றார் மனேஜர். "நான் ஒன்றும் சொல்லவில்லை. ரிப்போர்ட் வரவில்லை. உனக்காக எல்லோரையும் நிறுத்தி வைக்க முடியாதுதானே."

அணித்தலைவியைப் பார்த்தேன். அவள் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கட்டியிருந்த நாடா.

மறுநாள் அப்பா லீவு போட்டுவிட்டு என்னோடு பொலிசுக்கு வந்தார். கிராம சேவகரின் கடிதம், பிறப்புச் சான்றிதழ், வீட்டு அங்கத்தவர் பட்டியல் எல்லாம் ஒரு கோப்பில். நான் பிறந்ததே கொழும்பில்தான். இரண்டு மணித்தியாலம் மர வாங்கிலில் இருத்தி வைத்தார்கள். பிறகு ஒருவர் பெரிய புத்தகமொன்றைப் புரட்டிப் பார்த்து, இந்தப் பெயரில் ஒருவரும் ரிப்போர்ட் கேட்கவில்லையே என்றார். மறுபடியும் பார்க்கச் சொன்னேன். மறுபடியும் பார்த்தார். பாவம், அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை. யாரும் கேட்கவேயில்லை.

அதை மனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. "அப்படியா? ஆனால் டிக்கெட்டுகளில் மற்றவர்களின் பெயரைப் போட்டாயிற்றே. வேறு யாரையும் நிறுத்தினால் அவளின் தாய் தகப்பன் வந்து சத்தம் போடுவார்கள். நீ விளங்கிக்கொள்ளுகிற பிள்ளை. அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார். எங்கள் வீட்டிலிருந்து யாரும் வந்து சத்தம் போடமாட்டார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அப்பா கேற்றுக்கு வெளியே கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி நின்றுகொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் இன்றைக்கும் அடங்கவில்லை, அடங்க வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

அவர்கள் போனார்கள், முதல் சுற்றிலேயே நாலுக்குப் பூச்சியம் என்று தோற்றுத் திரும்பினார்கள். அணித்தலைவி விமான நிலையத்தில் வாங்கிய சொக்லேட் ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். நாலு கோலும் இடது பக்கத்தால்தான் வந்தது என்று அவளே சொல்லி அழுதாள். நான் அழவில்லை. சொக்லேட்டை எறும்பு தின்றது. சூட்கேஸில் அம்மா பழைய போர்வைகளை அடுக்கினாள்.

கூத்து அத்தோடு முடியவில்லை. மனேஜர் திரும்பவும் கூப்பிட்டு, சட்டம் போட்ட படங்களையும் நன்றிக் கடிதங்களையும் என் கையிலேயே தந்தார். "கடைகள் உனக்குத்தானே தெரியும்." மேசையில் போட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் படம் தருவதாக வாக்குக் கொடுத்தவள் நான். அதைவிட, கடைக்காரரின் முகத்துக்கு நேரே, உங்கள் காசில் யாரோ ஒருவருடைய மனைவி போய் வந்தாள் என்று சொல்லிவிட வேண்டும் என்ற வெறி இருந்தது.

புடவைக்கடைக்குள் போனதும் முதலாளி படத்தைக் கண்டு பிள்ளைபோல மகிழ்ந்தார். "நல்லா இருக்கு பிள்ளை, நடுவிலதான் இருக்கிறீர்" என்று சொல்லிக்கொண்டே வாங்கிலில் ஏறி ஆணி அடித்தார்.

"அங்கிள், உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும்" என்று தொடங்கினேன்.

அப்போதுதான் வாசலில் ஜீப் வந்து நின்றது. ஒரு இன்ஸ்பெக்டரும் மூன்று பொலிஸ்காரரும் உள்ளே வந்தார்கள். வேலை செய்கிற பெண்கள் நால்வரையும் வரிசையாக நிற்கச் சொன்னார்கள். நால்வரும் மலையகத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவு மூன்று பேருக்குச் சரி. நாலாவது பெண்ணின் பதிவு முடிந்து ஒன்பது நாள். அவளுக்கு வயது பத்தொன்பதுக்கு மேல் இருக்காது. "ஏறு" என்று ஜீப்பைக் காட்டினார்கள். அவள் அளவுகோலைக் கையில் பிடித்தபடியே நடக்கத் தொடங்கினாள்.

முதலாளி இறங்கி ஓடிவந்து, தெரிந்த சிங்களம் முழுவதையும் கொட்டினார். மாத்தயா, இது தேசிய அணிக்கு உதவி செய்கிற கடை. இதோ கடிதம். இதோ படம். இதோ, அந்தப் படத்தில் நடுவில் இருக்கிற பிள்ளையே இங்கே நிற்கிறா.

இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"நீ விளையாடினாயா?"

கடையே என்னைப் பார்த்தது. இல்லை என்று சொல்லத்தான் நான் அங்கே வந்திருந்தேன். மூன்று கிழமையாக அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். வாசலில் அந்தப் பெண் ஜீப்பின் பின்பக்கப் படியில் ஒரு காலை வைத்திருந்தாள்.

"விளையாடினேன் சேர்."

"பேப்பரில் பார்த்தேன், தோற்றதுதானே. எத்தனை கோல்?"

"நாலு, சேர்."

"நீ எந்த இடம்?"

"லெப்ட் பெக்."

அவர் உரக்கச் சிரித்தார். அவரும் பொலிஸ் அணியில் விளையாடியவராம். "பெக்குக்கு நின்றுகொண்டு நாலு கோல் விட்டிருக்கிறாய். நித்திரையா கொண்டாய்? நாட்டின் மானம் போனதுதானே நங்கி?"

"மன்னிக்க வேண்டும் சேர்" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன். நான் மிதிக்காத புல்லில், நான் இல்லாத இடத்தால் போன நாலு பந்துக்கும் மன்னிப்புக் கேட்டேன். அந்த அணியில் இருந்ததற்காக ஒருவர் என்னோடு நின்று பேசியது அந்த ஒரு தடவைதான், அதுவும் திட்டுவதற்கு.

அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. நாளைக்கே பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னார். அந்தப் பெண்ணை இறக்கிவிட்டார்கள். ஜீப் போனது. அவள் என் கையைப் பிடித்து, "ரொம்ப நன்றிங்கக்கா, நீங்க மட்டும் அந்த டீமுல இல்லாட்டி நான் என்னா ஆயிருப்பேன்" என்றாள். நான் கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றேன்.

அவள் உள்ளே போனபிறகு முதலாளியிடம் சொன்னேன். "அங்கிள், நான் போகேல்லை. என்னை வெட்டிப்போட்டாங்கள். நான் ஒரு மேட்ச்சும் விளையாடேல்லை."

அவர் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் இரக்கம் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். பிறகு வாசலைப் பார்த்தார், பிறகு சுவரை.

"அதை வேற ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும் பிள்ளை" என்றார்.

நான் சொல்லவில்லை. அந்தக் கடை இப்போது இல்லை, அதனால் எழுதுகிறேன்.