மூன்று விரல் அகல வார்

அண்ணன் கண்மூடி ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரில் அவர் படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்று அண்ணியிடம் கேட்டேன். "நல்லா சொமந்தாரு, நல்லா வாசிச்சாரு. அத எழுதுங்க தம்பி," என்றார். அதையே எழுதுகிறேன். உறவுகளும் நண்பர்களும் பொறுத்துப் படிக்க வேண்டும். என் பேனா ஓரிடத்தில் உட்காராது.

கந்தப்பளைக்கு மேலே, மேகம் வாசல்வரை வந்து படுத்துக்கொள்ளும் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் அண்ணன் பிறந்தார். அப்பா காய்ச்சலில் போனபோது அவர் மீசை அரும்பாத பிள்ளை. அந்த மாதமே பேர் பதிந்து வேலைக்குப் போனார். அவர் மலையில் புல் வெட்டியதால் நான் சிலேட்டில் எழுதினேன். பின்னர் ஸ்டோரில், அதுதான் எங்கள் தேயிலைத் தொழிற்சாலை, இயந்திரப் பக்கம் அவரை எடுத்துக்கொண்டார்கள். பிறந்த மண்ணிலேயே எங்களுக்கு வோட்டு இல்லையென்றான வருடங்கள் அவை. எல்லோரையும் போல அண்ணனும் பிரஜாவுரிமைக் கடுதாசிகளைத் தூக்கிக்கொண்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தார். அலைந்து வந்த சாயங்காலங்களில் கிட்டாரை எடுத்தார்.

சீமைக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரச் சின்னத்துரை, கொண்டுபோக மனமில்லாமல் அவர் கையில் கொடுத்துப்போன கிட்டார் அது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கம்பிகளோடு மல்லுக்கட்டி, ஒரு மழைக்காலம் முழுக்க லயத்தாரின் ஏச்சைக் கேட்டு, தானே படிந்தது கை. எங்கள் தோட்டத்தில் மாப்பிள்ளை வீட்டார் ரோட்டில் வந்திறங்கினால், தப்புக்காரர்களோடு அண்ணனும் முன்னால் நடந்து வாசித்தபடி லயம்வரை அழைத்துவருவது வழக்கமாகிப்போனது. ஒரு மைல் ஏற்றம். கிட்டாரைத் தோளில் தொங்கவிட ஒரு சணல் கயிறு. அது உறுத்துகிறதா என்று அவரும் நினைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

"எனக்கும் வாசிப்பீங்களாப்பா?" என்று சின்ன வயதில் அவர் மகள் கேட்பாள்.

"ஒனக்கு வாசிக்காம யாருக்குடி வாசிக்கப் போறேன்?"

மகளுக்கு டயகமவில் மாப்பிள்ளை பேசி முடித்த கையோடு ஒரு விபத்து நடந்தது. லொறியில் ஏற்றும்போது தேயிலைப் பெட்டி சரிந்து அண்ணனின் இடது காறை எலும்பு முறிந்தது. எலும்பு கூடியது, ஆனால் முடிச்சு விழுந்தாற்போல் கூடியது. கயிறு அந்த முடிச்சில் பட்டதும் முகம் வெளுத்துக் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டார். உட்கார்ந்து மடியில் வைத்து வாசிக்க முடிந்தது. நடந்து வாசிக்க முடியவில்லை. கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. மகள் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் அவரைத் தின்றது.

ஸ்டோர் ஆட்கள் கூடி ஒரு வழி சொன்னார்கள்; அப்போது நானும் அங்கேதான் வேலை. உருளைகளைச் சுழற்றும் தோல் பெல்ட்டில் கழித்துப்போட்ட துண்டு ஒன்று கிடந்தது. ஸ்டோரையே இழுக்கும் பெல்ட், ஒரு கிட்டாரையா தாங்காது? எங்கள் கண்ணுக்கு உலகத்தில் அதைவிட உறுதியான வார் கிடையாது. நானே துளை போட்டுக் கொடுத்தேன். அந்தப் பெல்ட் வழுக்காமலிருக்கப் பிசின் பூசுவார்கள் என்பதை இயந்திரத்தோடு வாழ்ந்த அத்தனை பேரும் மறந்துபோனோம். அது சட்டையைக் கவ்வியது, சட்டை தோலை இழுத்தது, தோல் எலும்பை இழுத்தது. பத்தடி நடந்து நின்றுவிட்டார் அண்ணன்.

அண்ணி சொன்னார்: "அறுந்துபோகாத வார தேடுறீங்க. ஆளு அறுந்துபோகாத வார தேடுங்க."

மறுநாள் அண்ணன், அண்ணி, நான் மூவரும் நுவரெலியாவுக்கு பஸ் ஏறினோம். குதிரைச் சேணம் தைக்கும் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் இரண்டு வார்கள் தேறின. ஒன்று ஒல்லியானது, முகம் தெரியும் பளபளப்பு. மற்றது மூன்று விரல் அகலம், மங்கல் நிறம், ஓரங்களை மடித்துத் தைத்தது, தோளில் படும் இடத்தில் நகர்த்தக்கூடிய கம்பளி மெத்தை.

அண்ணனின் கை பளபளப்புக்குப் போனது. "சம்பந்தி ஆளுக முன்னாடி அந்த அகலமானதையா மாட்டிக்கிட்டு நிப்பேன்? கழுதச் சேணம் மாதிரி இருக்கு."

"பாக்குறவங்க தோள்லயா மாட்டப் போறோம்?" என்றார், மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் அண்ணி. பிறகு கடைக்காரரிடம், "நானா, கடையில மாட்டிப் பாத்தா எல்லா வாரும் நல்ல வார்தான். மத்தியானம் கொழுந்து நிறுக்கப் போறப்பதான் அதோட கொணம் தெரியும். ரெண்டையும் குடுங்க, ஒண்ணத் திருப்பித் தாரோம்."

நானா சிரித்தார். "கொண்டு போங்க தங்கச்சி. இவ்வளவு நாளும் குதிரைகிட்டதான் கேட்டுத் தைச்சேன். மனுசர் சொல்றதையும் கேட்டுப் பாப்போம்."

மறுநாள், கூடையை முதுகில் தொங்கவிடும் தலைக்கயிற்றை அவிழ்த்து வைத்துவிட்டு, கொழுந்துக் கூடையை வாரில் கட்டி இடது தோளில் மாட்டிக்கொண்டு மலையேறினார் அண்ணி.

"என்ன ஆத்தா, குதிர ஓட்டப் போறியா?" என்றார் கங்காணி.

"குதிர வாயத் தொறக்காம வேல செய்யுதுல்ல கங்காணி. அதான் அதோட வார வாங்கினேன்."

மத்தியானம்வரை ஒல்லி வார். பனியில் நனைந்து, நீண்டு, கூடை இடுப்புக்குக் கீழே இறங்கியது. தோளில் கத்தி வைத்தாற்போல் ஒரு சிவப்புக் கோடு. சாயங்காலம்வரை அகல வார். கூடை நிறைந்தும் கோடு விழவில்லை. அன்றிரவு அண்ணனை நிறுத்திவைத்து, எலும்பு முடிச்சைத் தொட்டுப் பார்த்து, பாரம் அதைத் தாண்டி முதுகுப்பக்கம் விழும்படி மெத்தையை நகர்த்தி, அந்த இடத்தில் கரியால் ஒரு கோடு போட்டார். கொக்கி நெஞ்சுக்குக் கீழே வந்தது, நடுவழியில் ஒற்றைக் கையால் தளர்த்திக்கொள்ள. அண்ணன் லயத்து வாசலில் இங்குமங்கும் நடந்தார். "எங்க இருக்குன்னே தெரியல," என்று அதிசயமாகச் சொன்னார். கழுதையைப் பற்றி அதன் பிறகு பேச்சில்லை.

கல்யாணத்துக்குப் பின் ஏழெட்டு வருடம் இருந்தார். பிறர் வீட்டுக் கல்யாணங்களுக்கும் நடந்து வாசித்தார். நெஞ்சுச் சளி கண்ட கடைசி மாதங்களில் படுக்கையில் சாய்ந்தபடி விரல்களை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். ஒரு விடிகாலையில் அவையும் ஓய்ந்தன.

மருந்தோடு வந்த டிஸ்பென்சரி ஐயாவுக்கும், முறைவைத்து வெந்நீர் போட்டுத்தந்த பக்கத்து வீட்டுக் காம்பராப் பெண்களுக்கும், மழையில் அவரைத் தூக்கிச் சென்றவர்களுக்கும், இரண்டு வார்களையும் நம்பிக் கொடுத்தனுப்பிய நானாவுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அண்ணிக்கு நன்றி சொன்னால் ஏசுவார். ஆகவே எழுதி வைக்கிறேன்.

டயகமச் சம்பந்தி வீட்டாருக்கும் எங்கள் தோட்டத்துத் தப்புக்காரர்களுக்கும் தனியே ஒரு நன்றி உண்டு. மகள் கல்யாணத்தன்று அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்க அண்ணன் நின்ற இடத்திலெல்லாம், முகூர்த்தம் நெருங்கியும், நீங்கள் எல்லோரும் நின்றீர்கள். லயத்துக்கு முந்திய வளைவில், யார் கண்காட்டினார்களோ, தப்புகள் அத்தனையும் ஒருசேர ஓய்ந்தன. நெருங்கிவரும் கிட்டார் மட்டும் கேட்டது. காம்பராவுக்குள்ளே மணப்பெண்ணுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த அண்ணி பிற்பாடு எனக்குச் சொன்னார்: மகள் தலையைத் திருப்பாமல், "அப்பா நடந்துதான்மா வர்றாரு," என்றாளாம்.