கள்ளக் காப்பிக் குழுவின் அட்மின்

அட்மின் வேலை என்பது கோயில் திருவிழாவில் செருப்புக்குக் காவல் நிற்பது மாதிரி. எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், ஒரு ஜோடி காணாமல் போனால் ஊரே உங்கள் பெயரைச் சொல்லிக் கத்தும். எங்காவது ஒரு குழுவுக்கு நீங்களும் அட்மினாக இருந்து தொலைத்திருந்தால் இது உங்களுக்கும் தெரிந்திருக்கும். வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

நான் யமுனா. வயது பதினேழு. பள்ளியின் கடைசிப் பரீட்சையான ஐந்தாம் படிவத்தை எழுதிவிட்டு, மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முடிவுக்காகக் காத்திருந்தேன். எங்கள் லயத்தில் பத்து வீடு. நான்கில் பூட்டு. ஐந்தில் நேப்பாளத்து அண்ணன்மார். மிச்சம் ஒன்றில் நாங்கள். அப்பா ஃபேக்டரிக்கும், அம்மா சுற்றுலாக்காரர்களுக்குத் தேத்தண்ணி விற்கிற கடைக்கும் போய்விட்டால், காலை ஏழு மணிக்குப் பிறகு லயத்தில் தமிழ் பேசுகிற வாய் என்னுடையது ஒன்றுதான். கூடப் படித்த சசி ஜொகூருக்குப் படிக்கப் போகும்போது அவள் போனில் நடத்திய ‘கணினிச் சொந்தங்கள்’ குழுவை என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். கணினி உதவிக்காகத் தொடங்கிய குழு. ஆனால் அங்கே ஓடியது இரண்டே சண்டை: விளம்பரத்தைத் தடுப்பது பாவமா, காசு கொடுக்காமல் மென்பொருள் எடுப்பது திருட்டா. அந்தச் சண்டையும் நின்றுபோனால் எனக்குப் பேச ஆள் கிடையாது. அதனால் அதை அணையாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கிராக்

தைப்பிங்கிலிருந்து முனியாண்டி அங்கிள் ஒருநாள் குழுவில் எழுதினார்: “படம் சரி பண்ற சாஃப்ட்வேருக்கு யாருகிட்டயாவது கிராக் இருக்கா?” பூட்டை உடைத்த கள்ளப் பதிப்பைக் கேட்கிறார். பழைய கல்யாணப் படம் ஒன்றில் பூஞ்சை பிடித்துவிட்டதாம்.

நான் அட்மின் தோரணையில், “இங்கே கிராக் பகிரக்கூடாது” என்று விதியை ஒட்டினேன். விதியை யார் படித்தார்கள்? சித்தியவானிலிருந்து ராஜம் அக்கா அதற்குள் பதில் போட்டுவிட்டார்: “எங்க வீட்டுல ஒரு கிராக்கு இருக்கு அண்ணே, இடுப்புல கட்டிக்கிட்டே காலையிலேருந்து கைலியத் தேடுது, வந்து கூட்டிக்கிட்டுப் போங்க.”

நான்கு நாள் அமைதி

அதன்பிறகு நான்கு நாள் குழுவில் யாரும் மூச்சுவிடவில்லை. நான் “வணக்கம்” போட்டேன். நாற்பது பேர் பார்த்தார்கள். ஒருவரும் வணக்கம் திருப்பிப் போடவில்லை. சசிக்கு எழுதினேன், கட்டை விரல் படம் ஒன்று வந்தது.

அப்போதுதான் என் கையில் இருந்த ஒரே சொத்தை எடுத்து வெளியே விட்டேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு யார் குரலும் வரும். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தும்முவதுபோல் தும்மி, ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கிறவர்களை எழுந்து நிற்கவைத்திருக்கிறேன். அப்பாவின் பழைய போன், அம்மாவின் இரண்டாவது சிம், சசி விட்டுப்போன நம்பர். இந்த மூன்றிலும் மூன்று பேரைப் பெற்றெடுத்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் நல்லதம்பி: “அன்பர்களே, ஒருவர் உழைத்து விளைவித்ததைக் கேளாமல் எடுப்பது களவே!” லோரி ஓட்டுகிற ராஜா: “இன்டர்நெட்டு காத்து மாதிரி லா, காத்துக்கு யாராச்சும் டிக்கெட் போடுவானா?” சென்னையில் மேனேஜராக இருக்கும் ஸ்ரீதர்: “ஆக்சுவலா பாத்தீங்கன்னா, ரெண்டு சைடுலயும் ஒரு பாயிண்ட் இருக்கு.”

எங்கள் பக்கம் கொழுந்து ஏற்றும் லோரிக் கொட்டகைக்குப் பின்னால்தான் லைன் ஒழுங்காக வரும். அங்கே நின்றுதான் குரல் பதிந்து அனுப்புவேன். ஒருநாள் வாத்தியாராக, “சோறு போட்டவன் இரண்டு வார்த்தை பேசினால் காதைப் பொத்திக்கொள்வதா? அதுதானய்யா விளம்பரத் தடுப்பான்!” என்று இருமினேன். இந்தப் பக்கம் திரும்பி ராஜாவாக, “சோத்தப் போட்டுட்டு வாயில மைக்கத் திணிச்சா எப்படி முழுங்குறது வாத்தியாரே? என் டேட்டாவுல பாதிய உன் விளம்பரந்தான் திங்குது!” என்று கத்தினேன். பனிக்குள்ளிருந்து கொழுந்து வெட்டும் மெஷினோடு வந்த நேப்பாளத்து அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். என்னை, என்னைச் சுற்றி யாருமே இல்லாத இடத்தை, மறுபடி என்னைப் பார்த்துவிட்டு, அவருக்குத் தெரிந்த மலாயில் மெதுவாகக் கேட்டார்: “அடிக், சாக்கிட் கா?” உடம்புக்கு முடியலையா தங்கச்சி, என்று.

களவு பற்றி அம்மா

மழை நாளில் கொட்டகைக்குப் போக முடியாது. குரலை வீட்டிலேயே பதிந்துவைத்துப் பிறகு அனுப்புவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாத்தியார் குரலில், “கள்ளக் காப்பி வைத்திருப்பவன் எவனாயினும், அவன் வீட்டில் களவு புகுந்துவிட்டது என்றே பொருள்! கள்ளக் காப்பியை இன்றே அழியுங்கள்!” என்று முழங்கினேன்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா கதவைத் தட்டினார்: “ஏண்டி, தேயிலைத் தோட்டத்துல உக்காந்துக்கிட்டு காப்பிக்கு என்னாடி இவ்வளவு சண்டை, டப்பாவுல இருக்குறது கடையில வாங்குனதுதான்டி!”

ஷாம்பு பொம்பளை

முனியாண்டி அங்கிள் என்னிடம் தனியாக வந்தார். போனில் பாட்டுக் கேட்டால் நடுவில் நடுவில் விளம்பரம் வருகிறது, என்ன செய்வது என்று கேட்டார். விளம்பரத் தடுப்பானை எப்படிப் போடுவது என்று படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தேன். குழுவில் மூன்று குரலில் சண்டை போடுகிற எனக்கு, என் சொந்தக் கருத்து என்ன என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் திரும்ப வந்தார். “அத எடுத்துரு அட்மினம்மா. பொண்டாட்டி போனப்பறம் வீட்டுல நம்மகிட்ட பேசுறது அந்த ஷாம்பு பொம்பளை ஒருத்திதான். ‘உங்க முடி கொட்டுதா?’ன்னு கேக்கும். எனக்கு முடியே இல்ல. ஆனாலும் கேக்குதே.” எடுத்துக் கொடுத்தேன். அதோடு நிற்காமல், குறும்பு உந்த, அந்தப் பெண்ணின் குரலிலேயே, “முனியாண்டி அங்கிள், உங்க முடி கொட்டுதா?” என்று பதிந்து அனுப்பினேன். கொட்டகைக் குளிரில் மூக்கு அடைத்திருந்தது எனக்கு. அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: “பாவம், இந்தப் பொம்பளைக்குச் சளி புடிச்சிருக்கு, யாருகிட்டயாச்சும் சொல்லி மருந்து குடிக்கச் சொல்லும்மா.”

எழுத்துக்கூடை

சண்டை மறுபடி சோர்ந்தது. ஒரு பக்கெட் பெட்ரோல் ஊற்றினால்தான் எரியும் என்று நினைத்தேன். ‘எழுத்துக்கூடை’ என்று ஒரு தமிழ்ச் சொல் விளையாட்டு. சும்மா விளையாடினால் விளம்பரம் வரும், காசு கொடுத்தால் வராது. அந்தக் காசுப் பதிப்பின் பூட்டை யாரோ உடைத்து ஒரு தளத்தில் போட்டிருந்தார்கள். லோரி ராஜா பெயரில் அதைக் குழுவில் வீசினேன். “எடுத்துக்குங்க மக்களே, ஃப்ரீ லா!” உடனே வாத்தியாராக வந்து ராஜாவைத் திட்டினேன். ஸ்ரீதராக வந்து இருவரையும் சமாதானம் செய்தேன்.

மறுநாள், இதைக் கேள்விப்பட்டுக் குழுவில் புதிதாக ஒருவர் சேர்ந்தார். பெயர் தனா. ஈப்போவில் ஓர் அறை எடுத்துத் தங்கி, அந்த விளையாட்டைத் தனி ஆளாகச் செய்தவரே அவர்தான். போலீஸ், கோர்ட்டு, அப்பாவின் முகம் எல்லாம் வரிசையாக வந்து போயின. தனா அக்கா ராஜாவுக்கு எழுதியது இவ்வளவுதான்: “காசு கிடக்கட்டும் அண்ணே, வெளையாடிப் பாத்தீங்களா, எப்படி இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

ஐயா, அண்ணே, சார்

அடுத்த இரண்டு வாரம் பேசிய அளவு என் வாழ்க்கையில் நான் யாரிடமும் பேசியதில்லை. தனா அக்கா எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவார். வாத்தியாருக்கு ‘ஐயா’, ராஜாவுக்கு ‘அண்ணே’, ஸ்ரீதருக்கு ‘சார்’, தோட்டத்துக் கதை சொல்லும் எனக்கு ‘யமு’. விளம்பரம் இருந்தால்தான் தனக்குச் சோறு என்று ராஜாவோடு மல்லுக்கு நிற்பார். ராஜா தோற்பதுபோல் தோற்று, கடைசியில் ஒரு கேலியோடு தப்பிப்பான். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு ராஜாவுக்குப் போனதா எனக்கு வந்ததா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

சண்டை தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் ஆளுக்கொரு குறை சொல்லவைத்தேன். வாத்தியாருக்குக் கண் மங்கல், எழுத்து தெரியவில்லை என்றேன். தனா அக்கா எழுத்தைப் பெரிதாக்கினார். லோரி ஓட்டும்போது திரையைப் பார்க்க முடியாது என்றான் ராஜா. சொல்லை வாசித்துக் காட்டும்படி செய்தார். அதையெல்லாம் விளையாட்டுக்குள் உண்மையாகவே பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் வாயெடுத்தேன். அன்றைக்குப் பார்த்துக் குழுவில் அவர் எழுதினார்: “நீங்க நாலு பேரும் இல்லன்னா நான் போன மாசமே இதை இழுத்து மூடியிருப்பேன்.” வாயை மூடிக்கொண்டேன்.

பெரட்டு

மாட்டிவிட்டது ஒரே ஒரு சொல். ஒரு சாயங்காலம் ஸ்ரீதராக நீளமாகக் குரல் பதிந்தேன். ஆக்சுவலா, பேசிக்கலா, எல்லாம் சுத்தமாக வந்தது. மழை இறங்கியது, அவசரம். “ஓகே தனா, பை பை, நாளைக்குக் காலையில பெரட்டுக்குப் போகணும்” என்று முடித்து அனுப்பிவிட்டு ஓடினேன். ஆள் வந்தாயிற்றா என்று விடிந்ததும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அதுதான் தோட்டத்தில் பெரட்டு. பிறந்ததிலிருந்து காதில் விழுகிற சொல். வேலைக்குப் போவதற்கு வேறு சொல் இருப்பதே எனக்கு மறந்திருந்தது.

தனா அக்கா குழுவில் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் தனியாக எழுதினார். “எங்கம்மா ரப்பர் தோட்டத்துக்காரங்க, யமு. மெட்ராஸ் ஆபீஸ்ல எந்தத் துரை வந்து பெரட்டு எடுக்குறாரு?”

என் குரல்

உண்மையைக் குரலில் சொல்லலாம் என்று கொட்டகைக்குப் போனேன். முதல் தடவை பதிந்து கேட்டேன். மன்னிப்பு வாத்தியார் மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை ராஜா. மூன்றாவதில் ஷாம்பு பொம்பளை. நம்புங்கள், என்னுடையது எப்படி இருக்கும் என்று எனக்கு உண்மையிலேயே பிடிபடவில்லை. கடைசியில் தட்டச்சு செய்தேன். ராஜா, வாத்தியார், ஸ்ரீதர் மூவரும் நான்தான். திருட்டுப் பதிப்பைப் போட்டதும் நான்தான். நீங்கள் போய்விடக் கூடாது என்றுதான் இத்தனையும்.

பார்த்துவிட்டதற்கான அடையாளம் வந்தது. பிறகு பதில். “காப்பி எடுத்ததுக்குக்கூட எனக்குக் கோவமில்ல. கண்ணு தெரியாத ஒருத்தர் ஆசையா வெளையாடுறாருன்னு ஒரு வாரம் உக்காந்து எழுத்தப் பெருசாக்குனேன். அந்த மனுசன இனிமே நான் எங்க போயித் தேடுவேன் யமு?”

பத்து நிமிடம் கழித்துக் குழுவில் சின்னதாக ஒரு வரி விழுந்தது: தனா வெளியேறினார். நானும் மற்ற மூன்று நம்பரையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். நல்லதம்பி வெளியேறினார். ராஜா வெளியேறினார். ஸ்ரீதர் வெளியேறினார். அதன் கீழே முனியாண்டி அங்கிள் எழுதியிருந்தார்: “என்னாம்மா அட்மின், ஒரே நாள்ல நாலு பேரு போயிட்டாங்க, ஏதும் துக்கமா, நான் வரணுமா?”

இப்போது எங்கள் குழுவில் விளம்பரம் இல்லை, திருட்டு இல்லை, சண்டை இல்லை, ஓர் அட்மின் தன் வேலையை இதைவிடச் சுத்தமாகச் செய்துவிட முடியாது.