பதினான்கு பக்கமும் படித்த ஜெயப்ரியா

கருக்களாச்சேரி மீனவர் சங்கத்தில் படகுப் பதிவுக்கு வருகிறவர்களுக்குப் பொறுமை வேண்டும். படிவத்தை முழுவதும் வாசித்துக் காட்டாமல் அங்கே எழுத்தராக இருக்கும் ஜெயப்ரியா யாரிடமும் கையெழுத்து வாங்கமாட்டாள். "எதுல கையெழுத்துப் போடுறோம்னு தெரியணும்ல, சித்தப்பா?" என்பாள்.

வேலை முடிந்ததும் நூகு அண்ணனின் பிரவுசிங் சென்டருக்குப் போவாள். 2006இல் தொடங்கிய அவளுடைய வலைப்பூவில் நூற்று அறுபது பதிவுகள். எங்கள் கரையில் ஏறும் மீன்களின் பெயர்கள், எதைக் குழம்பு வைப்பது, எதைப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது என்று மீன்காரப் பெண்கள் சொன்னதை அவர்கள் பேச்சிலேயே எழுதியிருந்தாள். வேறெங்கும் பிரதி கிடையாது.

2008 ஆகஸ்டில் ஒரு மாலை, போட்டோ பிரிண்ட் எடுக்க வந்த படகுக்காரர் காத்தமுத்து அவள் பின்னால் நின்றிருந்தார். வலைப்பூ நடத்தும் நிறுவனத்தின் விதிமுறைகள் மாறியிருப்பதாகத் திரையில் ஒரு கட்டம் வந்தது. அவள் படிக்காமலே டிக் அடித்தாள்.

"என்ன புள்ள அது?"

"ஒன்னுமில்ல சித்தப்பா. ஒத்துக்கிறியான்னு கேக்குறான்."

"எதுக்கு ஒத்துக்கிட்ட?"

அவள் திரையில் அந்தக் கட்டத்தைத் தேடினாள். அது போய்விட்டிருந்தது.

"நல்லாருக்கே! என்னைய அரை மணி நேரம் உக்கார வச்சு வாசிச்ச. நீ மட்டும் கண்ண மூடிக்கிட்டுப் போடுற?"

"மாட்டிக்கிட்டியா தங்கச்சி!" என்று நூகு அண்ணன் சிரித்தார்.

அன்றே அந்த விதிமுறைகளை அச்செடுத்து வாங்கினாள். பதினான்கு பக்கம், ஆங்கிலம். மூன்று மாலைகள் அகராதியோடு உட்கார்ந்தாள். அகராதி கைவிட்ட இடங்களில், பள்ளியில் ஆங்கிலம் நடத்தும் என்னிடம் வந்தாள். ஒன்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டாள். வலைப்பூவைத் திறக்கவும் அழிக்கவும் உரிமை, பதிவு செய்த மின்னஞ்சல் முகவரியை வைத்திருப்பவருக்கே.

தொடங்கிய நாளில் அவளுக்கு மின்னஞ்சல் இல்லை. நூகு அண்ணன் கடையின் முகவரியைப் போட்டுக் கொடுத்திருந்தார். இப்போது அவர் பிரான்சிலிருக்கும் தம்பியிடம் போகிறார். கடையை விற்றாயிற்று. கணினிகளோடு அந்த முகவரியும் மறுநாள் காலை வேறொருவர் கைக்குப் போகும்.

ஓடினாள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

"அண்ணே, என் எழுத்தையும் சேத்து வித்துட்டீங்க!"

பக்கத்தை அவள் விளக்கியதும் அவர் தலையில் கை வைத்தார். "யா அல்லா! நானும் அதப் படிக்கலையே தங்கச்சி. இப்ப என்ன செய்யலாம்?"

அதுவும் அதே பக்கத்தில்தான் இருந்தது. பழைய முகவரிக்கு வரும் மின்கடிதத்தில் சம்மதம் சொன்னால் புதிய முகவரிக்கு மாற்றலாம். அவளுக்கென்று ஒரு மின்னஞ்சல் திறந்து, அதற்கு மாற்றக் கேட்டு விண்ணப்பித்தார்கள். கடிதம் வர இருபது நிமிடமானது. இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்ததும், "நீயே அமுக்கு," என்று நூகு அண்ணன் மவுஸை அவள் பக்கம் தள்ளினார். அவள் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்துவிட்டுத்தான் அமுக்கினாள். பிறகு பதிவுகள் அனைத்தையும் ஒரு சிடியில் எழுதித் தரச் சொன்னாள்.

நூற்று அறுபத்தொன்றாம் பதிவில் மீன் இல்லை. மிச்சப் பக்கங்களையும் படித்து முடித்து, அந்தப் பதினான்கு பக்கங்களில் இருப்பதை எளிய தமிழில் எழுதியிருந்தாள். முதல் பின்னூட்டம் பக்கத்து ஊரான நெரவியிலிருந்து, எழில்மதி என்ற பெண்ணிடமிருந்து வந்தது: "என் வலைப்பூ மாமாவின் மின்னஞ்சலில் இருக்கிறது, அக்கா. நாளைக்கே மாற்றிவிடுகிறேன்."