அண்ணியின் பெயரில் ஒரு வரி

அண்ணி அந்த வரியை அழித்த மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நடுவீட்டில் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளின் மேல் லேப்டாப்பை வைத்து, நின்றபடியே தட்டிக்கொண்டிருந்தார். கரண்ட் அப்போதுதான் வந்திருந்தது. "போச்சு, எங்க நைனா சொன்னதையே எடுத்துட்டேன்" என்று சிரித்தார். சிரித்த முகத்தோடே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணி தொண்டூரிலிருந்து எங்கள் ஊருக்கு வாழ வந்தவர். வரலாற்றில் எம்.ஏ. படித்துவிட்டு செஞ்சியில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்தினார். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. செஞ்சியிலேயே ஒரு மருந்துக்கடையில் வேலை. இரண்டு பேரும் அவருடைய ஸ்கூட்டியில் ஒன்றாகப் போய் வருவோம். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் அண்ணி எழுதிவந்தார். அதில் எங்கள் ஊர் ஏரிக்கரைச் சண்டையைப் பற்றி ஒரு கட்டுரை. செஞ்சிக் கோட்டைக்கு வந்துகொண்டிருந்த தானிய வண்டிகளை எதிரிப்படை மறித்ததால் மூண்ட சண்டை. சூரியன் உச்சிக்கு வருமுன் முடிந்துபோனது. பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. பழைய ராணுவக் குறிப்புகளைத் தேடித்தேடிப் படித்து அண்ணி அதை எழுதியிருந்தார்.

நல்ல கட்டுரை என்ற தகுதி பெற வேண்டுமானால் மதிப்பாய்வுக்கு வைக்க வேண்டும். அங்கே எழுதும் மற்றவர்கள் வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். அண்ணியின் கட்டுரையை எடுத்துக்கொண்டவர் ஏதோ வெளிநாட்டில் இருப்பவர். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. வெட்டுப்பட்ட சிப்பாய்கள் தவழ்ந்து தவழ்ந்து தொண்டூர் மலையில் சமண முனிவர்களுக்காக வெட்டிய கல் படுக்கைகள் வரை போனார்கள், ஊர்க்காரர்கள் கஞ்சி ஊற்றினார்கள் என்று அண்ணி எழுதியிருந்தார். அது அவருடைய அப்பா சொன்ன கதை. மதிப்பாய்வாளர் ஆதாரம் கேட்டார். அப்பா சொன்னார் என்று அண்ணி எழுதினார். அருமையான செய்தி, ஆனால் ஆதாரமாகாது, மன்னியுங்கள் என்று பதில் வந்தது. அந்த வரியைத்தான் அன்று அழித்தார்.

எனக்கு அந்த ஆள்மேல் கோபம். அண்ணிக்கு இல்லை. "கேக்கறது நியாயந்தானே" என்றார். எங்கள் வீட்டில் அண்ணியிடம் குழம்பில் உப்பைப் பற்றிக் கேட்க எல்லோரும் இருந்தோம். நீ எழுதிய வாக்கியம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டது அந்த முகம் தெரியாத ஒருவர்தான். அவருடைய கேள்வி வந்திருக்கும் நாட்களில் அண்ணி பாத்திரம் தேய்க்கும்போதுகூட ஒரு சுறுசுறுப்போடு இருப்பார்.

கட்டுரை தேறியது. ஊர் வாட்ஸ்அப்பிலெல்லாம் சுற்றியது. பிறகுதான் ஊரில் எங்கள் வம்சத்தார் நடத்தும் மன்றத்தின் தலைவர் நாலைந்து பேரோடு வீட்டுக்கு வந்தார். அண்ணனுக்குப் பங்காளி முறை.

"எல்லாம் நல்லா எழுதிக்கிற. நம்ம தளபதி பேரு எங்கம்மா?"

"எந்தத் தளபதி மாமா?"

"அந்தச் சண்டைய முன்ன நின்னு நடத்தினு செத்தாரே, நம்ம வம்சம். ஏரிக்கரையில அவருக்குச் செலை வெக்கப் போறோம். ஆபீசுல ஆதாரம் கேக்கறாங்க. நீ ஒரு வரி போட்டுட்டா அதக் காமிச்சிருவோம்."

"எங்க நைனா சொன்னதையே ஆதாரம் இல்லன்னு எடுத்துட்டேன் மாமா. ஒரு கல்வெட்டு, ஒரு பழைய காயிதம், எதுனா காமிங்க. இன்னிக்கே போடறேன்."

"ஊரே சொல்லுது. அது பத்தாதா?"

"பத்தாது மாமா."

அண்ணி மரியாதையாகத்தான் சொன்னார். அவர்கள் டீயைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

அதன் பிறகு அண்ணனின் டிராக்டரை உழவுக்குக் கூப்பிட ஊரில் ஆள் இல்லை. ஆடித் திருவிழாவில் சாமி எங்கள் வாசலில் நிற்காமல் போயிற்று. கற்பூரத் தட்டோடு நின்ற அம்மா, தட்டைக் கீழே வைக்கவும் தோன்றாமல் தெருமுனை வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பள்ளியிலும் யாரோ பேசியிருக்கிறார்கள். "எதுக்கு டென்ஷன் டீச்சர், கொஞ்ச நாள் வீட்ல இருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அண்ணன் குடித்துவிட்டு அடிக்கிறவன் இல்லை. ஆனால் சாப்பிடும்போதெல்லாம் அதே பேச்சு.

"ஒரு வரிதானே. செத்தவன் வந்து கேக்கப் போறானா?"

"வரமாட்டான். அதுக்காக இஷ்டத்துக்கு எழுதிர முடியுமா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி பம்புசெட்டில் துணி துவைக்கப் போயிருந்தார். போன் வீட்டில் சார்ஜில் இருந்தது. திரும்பி வந்து ஈரக்கையோடு அதை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மதிப்பாய்வாளர் கேட்டிருந்தார்: உங்கள் கணக்கிலிருந்து தளபதியைப் பற்றி ஒரு வரி சேர்ந்திருக்கிறது, நீங்களா சேர்த்தீர்கள்? ஆதாரம் எங்கே?

அண்ணன் வாசலில் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"நீங்கதானா?"

"ஆமா. இன்னா இப்ப? சாயங்காலம் உழவுக்கு வண்டி ஓடுதா இல்லையா பாரு."

அண்ணி உடனே அந்த வரியை நீக்கினார். அதற்குள் மன்றத்துக்காரர்கள் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துவிட்டார்கள். சாயங்காலம் வண்டியும் ஓடியது.

"அண்ணன்தான் போட்டுச்சுன்னு எழுதிருங்க அண்ணி" என்று கெஞ்சினேன்.

"புருஷன் திருட்டுத்தனம் பண்ணான்னு ஊரு ஒலகம் படிக்க எழுதச் சொல்றியா?"

அவர் எழுதவில்லை. மதிப்பாய்வாளர் சில நாள் பார்த்துவிட்டு, உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை என்று முடித்துக்கொண்டார். அந்த ஒரு வாக்கியத்தை அண்ணி எத்தனை முறை திறந்து திறந்து பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். பிறகு ஒரு காலை, அம்மாவிடம் சொல்லிக்கொண்டு, ஒரு பையோடு தொண்டூருக்கு பஸ் ஏறினார். கோபம் தணிந்தால் வந்துவிடுவாள் என்றான் அண்ணன். வரவில்லை. அவனும் போய்க் கூப்பிடவில்லை.

அண்ணி கலைக்களஞ்சியத்தின் பக்கமே போவதை விட்டுவிட்டார். யார் யாரோ அந்த வரியைத் திரும்பத் திரும்பச் சேர்த்தார்கள். மதிப்பாய்வாளர் நீக்கும்போதெல்லாம், எழுதியவரே முதலில் சேர்த்ததுதானே என்று பழைய பதிவைக் காட்டினார்கள். ஒரு கட்டத்தில் அவரும் ஓய்ந்துவிட்டார். ஏரிக்கரையில் சிலை வந்தது. ஓங்கிய வாள், முறுக்கிய மீசை. அது யாருடைய முகம் என்று யாரும் கேட்கவில்லை. திறப்பு விழாவில் அண்ணனுக்கும் சால்வை போட்டார்கள். அடுத்த வாரமே பீடத்துக் கருங்கல்லைப் படம் எடுத்து, அந்த வரிக்கு ஆதாரமாகக் கட்டுரையில் சேர்த்துவிட்டார்கள். இப்போது அதை யாரும் நீக்க முடியாது, ஆதாரம் இருக்கிறது.

அண்ணிக்கு போன் செய்து சொன்னேன். தொண்டூரில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். மறித்துப் பேசாமல் கேட்டார்.

"கல்லுல, எங்கேர்ந்து எடுத்ததுன்னு எதுனா போட்டுக்குதா?"

"போட்டுக்குது அண்ணி. கலைக்களஞ்சியம்னு இருக்குது. கீழ, கட்டுரை ஆசிரியர்னு உங்க பேரு."

"சரி, பசங்க காத்துனு இருக்குதுங்க" என்று வைத்துவிட்டார்.

போன மாதம் அவலூர்பேட்டையிலிருந்து திரும்பும்போது பஸ் ஏரிக்கரையில் நின்றது. ஏதோ பள்ளியிலிருந்து சுற்றுலா வந்த பிள்ளைகள் சிலையைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஆசிரியை கல்லில் இருந்ததை ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். கடைசியில் அண்ணியின் பெயரையும் படித்தார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.