வெளிப்பக்கம் மட்டும் சாவித் துளை

நம்பாதவர்கள் கடைக்கு வந்து என் வலது கை நகங்களைப் பார்த்துக்கொள்ளலாம். நான் பூட்டு ரிப்பேர் செய்பவன். எனக்குக் கதை கட்டத் தெரியாது.

மதியம் 3.10. போன் செய்து வரச்சொன்ன பெரிய வீடு. கதவைத் திறந்தவள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள். கறுப்பு உடை, இடுப்பில் சாவிக்கொத்து. அவள் நடந்தபோது கொத்து சத்தமே போடவில்லை.

மாடியில் எஜமானியின் படுக்கையறை. பழைய பூட்டு இருந்த இடத்தில் கதவு நிலை பிளந்திருந்தது.

"சாவித் துளை வெளிப்பக்கம் மட்டும் போதும்."

"உள்ள யாராவது மாட்டிக்கிட்டா?"

"அம்மா வெளிய வரக்கூடாது."

பணக்கார வீட்டுக் கிறுக்குத்தனம் என்று வாயை மூடிக்கொண்டேன். வேலை முடிந்ததும் பையை வெளியே வைக்கச் சொன்னாள், விரிப்பு அழுக்காகுமாம். போனும் பையில்தான். சாவியை அவளிடம் கொடுத்தேன். எந்தப் பூட்டையும் உள்ளே நின்று ஒருமுறை சாத்திப் பார்ப்பேன். அந்தப் பாழாய்ப்போன பழக்கம் அன்றும் விடவில்லை.

சாத்தினேன். வெளியே சாவி திரும்பியது... க்ளிக்.

4.05.

"அம்மா, திறங்க. நாலரைக்கு என் பொண்ண ஸ்கூல்லேர்ந்து கூப்பிடணும்."

"சத்தம் போடாதீங்க. அம்மா தூங்குறாங்க."

திரும்பினேன். கட்டில் காலி. தலையணை மட்டும்... மெல்ல அமுங்கியது.

ஜன்னலில் கம்பி. கீழே யாருமில்லை. எட்டு வயது, தாயில்லாத பிள்ளை, பள்ளி வாசலில் தனியாக நிற்பாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

4.30.

"என் பொண்ணு காத்திட்டிருப்பா..."

கதவை ஒட்டி அவள் குரல். "தெரியும்."

நகத்தால் கதவைப் பிறாண்டினேன்.

அங்கே ஏற்கெனவே கீறல்கள் இருந்தன.

என் விரல்கள் அவற்றில் சரியாகப் பொருந்தின.

5.20. தடதடவென்று காலடி. என் சுத்தியலாலேயே பூட்டை உடைத்துத் திறந்தவர் வீட்டுக்காரர்.

"யாருய்யா உன்ன உள்ள விட்டது?"

"வீட்டப் பாத்துக்கிற அம்மா."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் மனைவி தவறிப்போன மறுவாரமே அவங்களும் செத்துட்டாங்க. இந்த ரூமுக்குள்ளதான். அன்னைக்கும் நான்தான் உடைச்சேன். வெளிப்பக்கம் பூட்டியிருந்துது, சாவியக் காணோம்... யார் பூட்டினதுன்னு இன்னிவரைக்கும் தெரியல."

5.50. பள்ளிப் படியில் மகள் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"பயந்துட்டியாம்மா?"

"இல்லப்பா. சாவிக்கொத்து ஆன்ட்டி கூடவே இருந்தாங்க. நாலரைக்கே வந்துட்டாங்க."

கையை விரித்தாள். நான் அன்று மாட்டிய பூட்டின் சாவி.

"அடுத்த தடவ என்னையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்கப்பா."