மாமாவின் பாட்டுக்கு நான் சொன்ன கருத்துகள்

இப்போதெல்லாம் யார் எதைச் செய்தாலும் எனக்கு அனுப்பிவிடுகிறார்கள். அலுவலகத் தோழி கேக் செய்து படம் அனுப்புகிறாள். மாடி வீட்டு அண்ணன் கவிதை அனுப்புகிறார், அதுவும் காலை ஆறு மணிக்கு. நாத்தனார் தான் பின்னிய கம்பளிப் பையை நாலு கோணத்தில் எடுத்து அனுப்புகிறாள். நானும் பதில் போடுகிறேன். முதலில் ஒரு பாராட்டு, நடுவில் வலிக்காத மாதிரி ஒரு குறை, கடைசியில் மறுபடி ஒரு பாராட்டு. உன்னிடம் கேட்டால் மனசு நோகாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குத்தான் அலுத்துப்போய்விட்டது. இந்த வித்தையை நான் ஒன்பது வயதில், தண்டையார்பேட்டை வீட்டில், மாமாவின் பாட்டை வைத்துக் கற்றுக்கொண்டேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாததால் எங்களோடுதான் இருந்தார். திருவொற்றியூர் தாண்டி ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை. அடிபட்டு ஒடுங்கி வரும் இரும்புப் பெட்டிக்குள் புகுந்து, உள்ளே நின்றபடி சம்மட்டியால் அடித்து ஒடுக்கெடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் பேசக்கூடத் தெம்பிருக்காது. குளித்து, டீயைக் குடித்துவிட்டு, உள்ளறைக்குப் போய் ஃபோனில் பாடுவார். அதில் ஒரு செயலி இருந்தது. அது இசையை மட்டும் வாசிக்கும், நாம் பாடினால் இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்து தரும். பாடி முடித்ததும் கூடத்துக்கு வந்து, முழுச் சத்தத்தில் போட்டுக் காட்டி, ஒவ்வொருவர் முகமாகப் பார்ப்பார்.

"எப்டி கீது?"

அப்பாவுக்குச் சரியாக அந்த நேரத்தில்தான் கடையில் ஏதாவது வாங்க வேண்டியிருக்கும். அம்மா மீன் செதிலிலிருந்து கண்ணை எடுக்காமல் "சோக்கா கீதுடா" என்பாள். மிச்சம் இருந்தது நான்.

முதல் தடவை உள்ளதைச் சொல்லிவிட்டேன். "மாமா, மியூசிக் ஒரு பக்கம் போவுது, நீ ஒரு பக்கம் போற. அது முடிஞ்சப்புறமும் நீ பாடிகினே கீற."

மாமாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "மெய்யாலுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய்த் தொடையில் கிள்ளினாள்.

"நாள் பூரா இரும்ப அடிச்சிட்டு வரான். அவனுக்குன்னு இருக்கிறது இந்தப் பாட்டு ஒண்ணுதான். மூஞ்சில அடிச்சாப்ல சொல்லுவியா? மொதல்ல நல்லதா ஒண்ணு சொல்லு. கொற இருந்தா பாட்டு மேல போடு, ஃபோன் மேல போடு. அவன் மேல போடாத."

பள்ளிக்கூடப் பாடத்தைவிட இது எனக்கு நன்றாக ஏறியது. "ஆரம்பம் சூப்பர் மாமா, மைக்குதான் இழுக்குது" என்றேன். மறுவாரம் மாமா புது ஹெட்ஃபோன் வாங்கி வந்தார். "இந்தப் பாட்டு உன் கொரலுக்குப் பத்தல" என்றேன். வேறு பாட்டுக்கு மாறினார். நான் சொன்னதையெல்லாம் அவ்வளவு அக்கறையாகக் கேட்டுக்கொள்கிற ஒரு பெரிய மனிதர் இருக்கிறார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டு மட்டும் தேறவே இல்லை. நாளாக ஆக எனக்குச் சலித்துவிட்டது. நடுவில் வைக்க வேண்டிய குறையை யோசிக்கச் சோம்பல்பட்டு, "சூப்பரா கீது மாமா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தெருவுக்கு ஓடிவிடுவேன்.

அந்தச் சமயத்தில் யார்டில் அவரைப் பெயின்ட் அடிக்கிற பக்கம் மாறிக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். அங்கே சத்தமே கிடையாது. அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "எனக்கு இன்னாக்கா கொறச்சல், நல்லாத்தான் கீறேன்" என்று மாமா வேண்டாமென்றுவிட்டார். கூட வேலை செய்கிற தோஸ்துகளை விட்டுப்போக அவருக்கு மனசில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

பிறகு ராயபுரத்தில் எங்கள் கோயில் திருவிழா வந்தது. சாயங்காலம் மேடையில் கலைநிகழ்ச்சி, யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். பெயர் கொடுக்கும் முன் மாமா என்னைத் தனியாக உட்காரவைத்து ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார்.

"உங்கம்மா சொல்லிக்குடுத்தத சொல்லாத பாப்பா. நீ சொன்னா நான் நம்புவேன். மெய்யாலுமே நல்லா கீதா?"

அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டுமென்று அம்மா சொல்லித்தரவில்லை. வெளியே பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "சத்தியமா சூப்பரா கீது மாமா" என்றேன்.

மேடையில் மாமா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றார். கீபோர்டுக்காரர் ஒரு இடத்தில் ஆரம்பித்தார், மாமா வேறொரு இடத்தில் ஆரம்பித்தார். இரண்டு வரிகள் துரத்திப் பார்த்துவிட்டுக் கீபோர்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டார். மாமா நிறுத்தவில்லை. கூட்டம் சிரித்தது, பையன்கள் விசிலடித்தார்கள். மாமாவோ கையை உயர்த்திக் காட்டி இன்னும் உற்சாகமாகப் பாடினார். நடுவில் முதல் வரிசையில் இருந்த என்னைத் தேடிப் பார்த்தார். நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். பாட்டு முழுவதையும் பாடிவிட்டுத்தான் இறங்கினார்.

மறுநாள் தெருவில் எல்லோர் ஃபோனிலும் மாமா மேடையில் பாடிய வீடியோ ஓடியது. டீக்கடையில் ஒருவன் மாமா மாதிரியே கையை உயர்த்தி நடித்துக் காட்டியதை அவரே பார்த்துவிட்டார். அதன்பின் அவர் பாடவில்லை. என்னையும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா கடைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார்.

சில மாதம் கழித்து யார்டில் எல்லோருக்கும் உடம்பைப் பரிசோதித்தார்கள். காதில் கருவி ஒன்றை மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்களாம். மாமா வெகுநேரம் விரலைத் தூக்காமலே உட்கார்ந்திருந்தாராம். வலது காது அநேகமாகப் போய்விட்டது, இடது காதில் பாதி. ஒரு வருடம் முன்பே சம்மட்டியை விட்டிருந்தால் இவ்வளவு போயிருக்காது, போனது இனித் திரும்பாது என்றாராம் டாக்டர்.

அன்று சாயங்காலம் அம்மா அழுதுகொண்டே கத்தினாள். கத்தினால்தான் மாமாவுக்குக் கேட்டது.

"காது கேக்கலன்னு ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"எனக்கே தெரிலக்கா. காதுல கொய்யின்னு சத்தம் வந்துகினே இருந்துச்சு. சரி, காது ஒயுங்கா கீதான்னு பாக்கலாம்னுதான் பாட ஆரம்பிச்சேன். மியூசிக்கோட சேந்து பாடிட்டா காது நல்லா கீதுன்னு அர்த்தம். எனக்கு சேர்ற மாதிரிதான் இருந்துச்சு. அதான் உங்கள கேட்டுகினே இருந்தேன். பாப்பாவும் சூப்பரா கீதுன்னு சொல்லிச்சு. அத நம்பித்தான் பெயின்ட் வேல வாணாம்னேன்."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். இன்றைக்கு அடி நிச்சயம் என்று கதவோரம் ஒடுங்கி நின்றேன். மாமா என் தலையில் கைவைத்தார். "கொயந்த இன்னாக்கா பண்ணும்? ஆசையா சொல்லிச்சு" என்றார்.

அப்பாடா, மாமாவுக்கு என்மேல் கோபமில்லை என்று எனக்கு ஒரே நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியோடு செருப்பை மாட்டிக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.